கப்பல் வரைவோர் கற்க வேண்டிய பாடம்

கப்பலைக் காகிதத்தில் வரைபவன் ஒருவன். அதில் உழைப்பவன் வேறொருவன். நீரின் தாங்குசக்தியையும் காற்றின் வேகத்தையும் முன்னவன் கணக்கிட்டு விடுகிறான். ஆயின், இயந்திர அறையின் வெப்பத்தில் நிற்பவனுடைய கை எவ்வளவு உயரம் எட்டும், ஆடுகின்ற ஏணியில் சுமையோடு இறங்குபவனுக்கு எத்துணை அகலம் வேண்டும் என்பவற்றைக் கணிதம் மட்டும் கற்பித்து விடுமோ? இதனை ஓரளவு உணர்த்தும் வரலாறு ஒன்றை நாம் அமெரிக்காவில் காண்கிறோம்.

வில்லியம் ஹென்றி வெப் என்பவர் 1816-ஆம் ஆண்டில் நியூயார்க் நகரில் பிறந்தவர். கப்பல் கட்டுவோராகிய தம் தந்தையாரின் பட்டறையிலேயே தொழில் பயின்றார். 1840-இல் தந்தையார் மறைய, அப்பட்டறையை ஏற்று, 130-க்கு மேற்பட்ட கப்பல்களைக் கட்டிப் பெருஞ்செல்வம் ஈட்டினார்.

அச்செல்வத்தைக் கொண்டு அவர் 1889-இல் ஓர் அறநிலையம் நிறுவினார். 1894-இல் திறக்கப்பட்ட அதன் கட்டிடத்தில் இரு சாரார் வாழ்ந்தனர். ஒரு சாரார் கட்டணமின்றிக் கப்பலமைப்புக் கலை பயில வந்த இளைஞர். மற்றொரு சாரார் ஆயுளெல்லாம் கப்பல் கட்டி ஓய்ந்த வறிய முதியோர். ஏட்டுக் கல்வியும் கைப்பழக்கமும் ஒரே கூரையின் கீழ் அமர்ந்த காட்சி அது! உழைத்தவனை ஒதுக்கி வைத்து விட்டு உழைப்பைப் பற்றிப் பாடம் நடத்துவது கல்வியாகாது அன்றோ?

வெப் 1899-இல் காலமானார். 1947-இல் அக்கல்லூரி லாங் தீவிலுள்ள கிளென் கோவ் நகருக்குப் பெயர்ந்தது. அங்கே பயிலும் மாணாக்கர் ஆண்டுதோறும் குளிர்காலத்தில் ஏறத்தாழ இரண்டு மாதம் வகுப்பை விட்டு வெளியேறி வேலை செய்தல் வேண்டும். முதலாண்டினர் கப்பல் பட்டறைக்குச் செல்வர். இரண்டாமாண்டினர் கப்பலேறிக் கடலில் பணி புரிவர். எட்டாத திருகையும் குனிந்தே கடக்க வேண்டிய வழியையும் தம் உடம்பால் அறிந்தவர், பின்னர் வரையும் கோட்டில் அவ்வறிவு இறங்காமற் போகாது.

இச்செய்தி நமக்கு அயலானதன்று. 1926-இல் கிளாஸ்கோவில் கட்டப்பட்ட ரஜுலாவின் மேல்தட்டில் பாய் விரித்து, வெயிலும் மழையும் பொறுத்து, நம் முன்னோர் ஆயிரக்கணக்கில் இக்கரை சேர்ந்தனர். கப்பலை வரைவோர் ஓரிரவேனும் அப்பாயில் படுத்தெழுந்திருப்பின், அப்பயணம் வேறாயிருக்கும் என்றே நாம் கருதுகிறோம்.

கப்பலாயினும், கூலி லயமாயினும், பள்ளியாயினும், அதில் வாழப் போகும் மனிதனின் அல்லலைத் தானும் சில நாள் பட்டறிந்த பின்னரே திட்டம் வகுப்போன் எழுதுகோலை எடுத்தல் வேண்டும்.