பள்ளிமுனைப் பெருக்கமரம்

மன்னார்த் தீவிலே பள்ளிமுனையில் நிற்கும் பெருக்கமரத்தைக் காண மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியர் இரு வினாக்களை எதிர்நோக்க வேண்டியவராவர். இதன் வயது யாது என்பது ஒன்று. அதனை எண்ணியவர் யார் என்பது மற்றொன்று. முன்னதற்கு விடை எளிது. 1477ஆம் ஆண்டில் அராபிய வணிகர் இதனை நட்டனர் என்பது அங்கு வழங்கிவரும் செய்தி. பின்னதற்கு விடை தேடப் புகுமிடத்தே வரலாறு தொடங்குகின்றது.

மரத்தின் சுற்றளவு ஏறக்குறைய 19.5 மீற்றர், உயரமோ 7.5 மீற்றர் மாத்திரமே. சிறுவர் கைகோத்து இதனைச் சூழ்வதாயின் பதினைந்து பேர் வரையில் வேண்டும். இத்துணைப் பருமன் கண்டோர் ஆயிரம் ஆண்டு என வாய்விட்டுக் கூறுதல் இயல்பே. ஆயினும் பெருக்கமரத்தின் உடல் தேக்கு, பாலை முதலியவற்றின் வைரம் போன்றதன்று. அது நீரை உறிஞ்சித் தேக்கிவைக்கும் மென்மரம். மழைக்கும் வறட்சிக்கும் ஏற்பப் பருத்தும் சுருங்கியும் நிற்பது. முதிர்ந்தவிடத்து உள்ளே பொந்து விழுதலும் உண்டு. ஆகவே ஆண்டு வளையங்களை எண்ணி வயதறியும் வழி இங்கே பயன்படாது.

அறிஞரும் இம்மரத்திடம் ஏமாந்ததுண்டு. 1749ஆம் ஆண்டளவிற் செனகல் நாடு சென்ற பிரெஞ்சுத் தாவரவியலார் மிசேல் அடன்சன், பழைய ஐரோப்பிய மாலுமிகள் மரங்களிற் செதுக்கிய பெயர்களைக் கொண்டு வளர்ச்சியைக் கணக்கிட்டு, மிகப் பருத்தவை ஐயாயிரம் ஆண்டைக் கடந்தவை என்றார். லின்னேயசு இம்மரத்தின் பேரினத்திற்கு அவர் பெயரையே சூட்டினார். பெயர் நிலைத்தது, கணக்கு நிலைக்கவில்லை. பிற்காலத்திற் கதிர்க்கரி முறையால் ஆராய்ந்தபோது, ஆபிரிக்காவின் மிக மூத்த மரங்களுள் ஒன்றுக்கே ஏறத்தாழ 2,450 ஆண்டு எனத் தெரியவந்தது. அவ்வாராய்ச்சியாளர் 2018இல் வெளியிட்ட செய்தி வருந்தத்தக்கது: மூத்த மரங்கள் பதின்மூன்றனுள் ஒன்பது, 2005இன் பின் முழுமையாகவோ பகுதியாகவோ பட்டுப்போயின.

இனி 1477 என்னும் ஆண்டினை நோக்குவோம். 1344இல் இபுன் பதூதா புத்தளத்திலே ஆரியச்சக்கரவர்த்தியைக் கண்டு, அம்மன்னனிடம் முத்துக்கள் இருந்தமையை எழுதிவைத்தார். முத்துக்குளிப்பும் கடல்வாணிகமும் இக்கரைக்கு அராபியரை ஈர்த்தன என்பதில் ஐயமில்லை. யாழ்ப்பாண அரசு 1467இல் கோட்டையின் பிடியினின்று மீண்டது. போர்த்துக்கேயர் இலங்கையை அடைந்தது 1505இல். மன்னாரைக் கைப்பற்றியது 1560இல். ஆகவே அந்த இடைக்காலத்தில் அராபியர் ஒருவர் இங்கு விதையூன்றினார் என்பது முற்றிலும் இயலக்கூடியதே. எனினும் ஆண்டினை இறுதி இலக்கம் வரை நினைவிற் கொண்ட மரபு, நட்டவனின் பெயரையும் ஊரையும் மறந்தது எவ்வாறு? நூற்றாண்டினை ஏற்கலாம், ஆண்டினை ஏற்கத் தயங்குதல் தகும் என்பதே எமது கருத்து. ஒட்டகங்களுக்குத் தழையாக நட்டனர் என்பாரும் உளர். தழை வேண்டி மரம் நட்டு வளரும்வரை காத்திருந்த வணிகர் பொறுமைசாலிகளே!

பழத்தையே நோக்குமிடத்து வேறொரு விளக்கம் பொருந்துகின்றது. வன்மையான ஓட்டினுள் உலர்ந்த புளிப்புச் சதையும் விதையும் உள. நெடுங்கடற் பயணத்திற்கு ஏற்ற உணவு அது. உண்டபின் எறிந்த விதையே முளைத்திருத்தலும் கூடும். 2015இல் வெளிவந்த மரபணு ஆராய்ச்சியொன்று, இந்தியாவிலுள்ள பெருக்கமரங்கள் ஒரேமுறையிலன்றிப் பன்முறை ஆபிரிக்காவினின்று கொணரப்பட்டன எனக் காட்டியது.

தமிழ்ப் பெயர்களும் சாட்சி கூறுகின்றன. தமிழகத்தில் இதனை ஆனைப்புளி என்றும், பொந்தன்புளி என்றும், பப்பரப்புளி என்றும் வழங்குவர். ஆனை பருமனையும், பொந்து வயிற்றையும் கண்டு இட்ட பெயர்கள். பப்பரமோ பழைய நூலோர் கூறும் அயல்தேசங்களுள் ஒன்று. புளி கடல்கடந்து வந்தது என்பதனை அப்பெயரிட்டவர் அறிந்தேயிருந்தனர்.