கிங்சுடேல் பள்ளி மறுவடிவமைப்பு

கிங்சுடேல் பள்ளி மறுவடிவமைப்பு என்பது இலண்டன் மாநகரின் தென்பகுதியில் டல்விச் என்னும் இடத்தில் உள்ள கிங்சுடேல் பள்ளியை, அங்கு பயின்ற மாணவர்களின் பங்கேற்புடன் கட்டிடக்கலைஞர்கள் மாற்றியமைத்த திட்டம் ஆகும். டி.ஆர்.எம்.எம். எனச் சுருக்கமாக அழைக்கப்படும் டி ரைக் மார்ஷ் மார்கன் நிறுவனம் இதனை வடிவமைத்தது. இதன் முதற்கட்டம் 2004 ஆம் ஆண்டளவில் நிறைவுற்றது. ஒரு கட்டிடத்தைப் பயன்படுத்துவோரே அதன் வடிவமைப்பில் பங்கேற்பதற்கு எடுத்துக்காட்டாக இத்திட்டம் குறிப்பிடப்படுகிறது.

பின்னணி

கிங்சுடேல், 11 வயதுக்கு மேற்பட்ட மாணவர்கள் பயிலும், அரசு நிதியில் இயங்கும் இடைநிலைப் பள்ளி ஆகும். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய நவீன பாணியில் அமைந்த இதன் கட்டிடம் 1950களின் இறுதியில் இலண்டன் கவுண்டி மன்றத்தினால் கட்டப்பட்டது. 1990களின் இறுதியில் பள்ளி நலிவுற்றிருந்தது. தேர்வு முடிவுகள் தாழ்ந்திருந்தன, கட்டிடமும் பழுதடைந்திருந்தது.

இக்காலத்தில் ஸ்கூல் வொர்க்ஸ் என்ற இலாபநோக்கற்ற அமைப்பு, பள்ளிக் கட்டிடத்துக்கும் கல்விக்கும் உள்ள தொடர்பை ஆராயும் தனது முன்னோடித் திட்டத்துக்குக் கிங்சுடேல் பள்ளியைத் தேர்ந்தெடுத்தது. இவ்வமைப்பின் இயக்குநராக ஹிலரி காட்டம் இருந்தார்.

பங்கேற்பு முறை

வழக்கமாக ஒரு பள்ளி கட்டப்படும்போது உள்ளூராட்சி நிர்வாகமே வாடிக்கையாளராக இருக்கும். கட்டிடக்கலைஞர் அதிகாரிகளிடமும் தலைமை ஆசிரியரிடமும் தேவைகளைக் கேட்டு வரைபடம் தயாரிப்பார். கட்டிடத்தில் நாள் முழுவதும் இருக்கப்போகும் மாணவர்கள் அதனைக் கட்டி முடித்த பின்னரே காண்பர். கிங்சுடேலில் வரைபடப் பணிக்கு முன்னரே மாணவர்கள், ஆசிரியர்கள், பிற பணியாளர்கள் ஆகியோருடன் பட்டறைகள் நடத்தப்பட்டன.

இவற்றில் வெளிப்பட்ட குறைகள் பெரும்பாலும் அன்றாட வாழ்வைப் பற்றியவை. குறுகிய நடைவழிகளில் நெரிசல், அங்கு நிகழும் மிரட்டல், கழிவறைகளின் நிலை, உணவு நேரத்துச் சிக்கல்கள் ஆகியன அவற்றுள் முதன்மையானவை. பாடவேளைகளுக்கு இடையில் முழுப் பள்ளியும் ஒரே நேரத்தில் இடம் மாறுவதால், அச்சில நிமிடங்களில் நடைவழிகள் ஆசிரியர் கண்காணிப்புக்கு வெளியே சென்றுவிடுகின்றன. பாடம் நடக்கும் நேரத்தில் பார்வையிட வரும் ஒருவருக்கு அதே நடைவழி வெறுமையாகவே தோன்றும். எனவே இத்தகைய தகவலை மாணவர்களிடமிருந்தே பெற முடியும்.

வடிவமைப்பு

பழைய கட்டிடத்தை இடிக்காமல், அதன் நடுவில் பெரிதும் பயன்படாதிருந்த திறந்த முற்றத்தை மூடுவதே கட்டிடக்கலைஞர்கள் கண்ட தீர்வு ஆகும். ஏறத்தாழ 3,200 சதுர மீட்டர் பரப்புள்ள ஒளிபுகும் கூரையின் கீழ் உணவருந்தவும் கூடவும் நடமாடவும் உரிய பொது இடம் உருவானது. முற்றத்தின் குறுக்கே அமைந்த நடைபாலம் பழைய நடைவழிகளின் சுமையைக் குறைத்தது. மரத்தாலான ஓர் அரங்கமும் கூரையின் கீழ் தனிக் கட்டிடமாக எழுப்பப்பட்டது.

கூரைக்கு ஈ.டி.எப்.இ. என்னும் புளோரின் சார்ந்த பல்பகுதிய மென்தகடு பயன்படுத்தப்பட்டது. இத்தகடுகள் பல அடுக்குகளாக இணைக்கப்பட்டு, இடையே காற்று நிரப்பப்பட்டு மெத்தை போல் ஆக்கப்படுகின்றன. கண்ணாடியை விட இவை மிகவும் எடை குறைந்தவை. அதனால் தாங்கும் எஃகுச் சட்டகமும் இலேசாக அமையலாம். அடுக்குகளின் மேல் புள்ளிகள் அல்லது கோலங்கள் அச்சிடப்பட்டிருப்பின், காற்றழுத்தத்தை மாற்றி அடுக்குகளை நெருக்கவும் விலக்கவும் செய்து உள்ளே வரும் வெயிலின் அளவைக் கட்டுப்படுத்தலாம். கார்ன்வாலில் 2001 ஆம் ஆண்டு திறக்கப்பட்ட ஈடன் திட்டத்தின் கோளக் கூடாரங்களிலும் இதே பொருள் பயன்பட்டது.

அடுத்த கட்டத்தில் இசைக்கும் விளையாட்டுக்குமான கட்டிடங்கள் குறுக்கடுக்கு மரப்பலகைகளால் கட்டப்பட்டன.

விளைவுகள்

பிற்காலத்தில் பள்ளியின் தேர்வு முடிவுகள் உயர்ந்தன. இடங்களை விடப் பன்மடங்கு கூடுதலான விண்ணப்பங்கள் வரத் தொடங்கின. எனினும் இக்காலத்தில் பள்ளியின் நிர்வாகமும் மாற்றமடைந்ததால், முன்னேற்றத்தில் கட்டிடத்தின் பங்கு எவ்வளவு என்று தனித்துக் கூறுவது கடினம்.

இம்முறைக்கு ஓர் எல்லையும் உண்டு. கட்டிடப் பணி பல ஆண்டுகள் நீள்வதால், தொடக்கத்தில் கருத்துரைத்த மூத்த மாணவர்கள் புதிய கூரையின் கீழ் பயிலவில்லை. அவர்கள் கூறியவற்றின் பயன் பின்வந்தவர்களுக்கே கிடைத்தது.

வடிவமைப்பாளர் யார் என்ற சர்ச்சை

2005 ஆம் ஆண்டில் இலண்டன் டிசைன் மியூசியம், ஆண்டின் சிறந்த வடிவமைப்பாளர் விருதினை ஹிலரி காட்டமுக்கு வழங்கியது. கிங்சுடேலும் அவரது பணிகளுள் ஒன்றாகக் குறிப்பிடப்பட்டது. கட்டிடத்தை வரைந்தவர் அவரல்லர் என்பதால் கட்டிடக்கலைஞர்கள் தரப்பில் எதிர்ப்பு எழுந்தது. சிக்கலை வரையறுத்து மக்களை ஒன்றுசேர்ப்பதும் வடிவமைப்பே என்பது மறுதரப்பின் வாதம். குறைகளை முதலில் சுட்டிய மாணவர்களின் பெயர்கள் இவ்விவாதத்தில் இடம்பெறவில்லை.

பிந்தைய நிலை

இங்கிலாந்தின் இடைநிலைப் பள்ளிகள் அனைத்தையும் புதுப்பிக்கும் நோக்குடன் 2004 இல் தொடங்கப்பட்ட அரசுத் திட்டம், செலவைக் காரணம் காட்டி 2010 சூலையில் கைவிடப்பட்டது. அதன் பின்னர் 2012 இல் அரசு வெளியிட்ட பொது மாதிரி வடிவமைப்புகள் வளைந்த சுவர்களைத் தவிர்க்குமாறு கூறின. தவிர்க்க வேண்டியவற்றுள் ஈ.டி.எப்.இ. கூரையும் ஒன்றாக இருந்தது. ஒவ்வொரு பள்ளியிலும் கேட்டறிந்து வடிவமைப்பதா, அனைத்துக்கும் ஒரே மாதிரியைச் செலவு குறைத்துக் கட்டுவதா என்ற கேள்வியில் அரசு இரண்டாவதைத் தேர்ந்தது.

இவற்றையும் பார்க்க

* பங்கேற்பு வடிவமைப்பு
* ஈடன் திட்டம்
* பள்ளிக் கட்டிடக்கலை