மணி அடித்த பிறகு உள்ளே போனவர்

மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு மாடியில் நடந்த ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்கு ஆறு மாசம் போனேன். முதல் நாள் ஒவ்வொருத்தரையும் எழுப்பி இங்கிலீஷில் பேர், ஊர், அப்பா தொழில் சொல்லச் சொன்னார்கள். என் முறை வந்தது. எழுந்து நின்றேன், வாய் வரவில்லை. 'தப்பா இருந்தாலும் பரவால்ல, கூச்சப்படாமப் பேசு' என்றார் வாத்தியார். தப்புக்கு யார் பயந்தது? ஊர் பேரைச் சொன்னால் அடுத்து 'எந்தத் தெரு?' என்று தமிழில் ஒரு கேள்வி வருமே, அதுக்குத்தான் பயந்தேன்.

இந்த மௌனத்துக்கு வயசு நூறுக்கு மேல். இரட்டைமலை சீனிவாசன் கோயம்புத்தூர் கலாசாலையில் படித்தபோது சுமார் 400 மாணவர்களில் பத்துப் பேர் தவிர மற்றவர்கள் பார்ப்பனர்கள். 1939இல் வந்த 'ஜீவிய சரித்திர சுருக்க'த்தில் அவரே அதைச் சொல்கிறார். தன் சாதியும் குடியிருப்பும் தெரிந்துவிடுமென்று யாரோடும் பழகாமல் இருந்திருக்கிறார். வெளியே உட்கார்ந்து வாசிப்பது, மணி அடித்த பிறகு உள்ளே போவது, வகுப்பு கலைந்ததும் விறுவிறுவென்று வீட்டுக்குப் போய்விடுவது. இன்றைய பயிற்சிக்காரர்கள் பார்த்திருந்தால் 'தன்னம்பிக்கை இல்லாத மாணவன்' என்று எழுதியிருப்பார்கள்.

அந்த மாணவர்தான் 1893இல் பத்திரிகை தொடங்கினார். எந்தப் பேரை வகுப்பில் ஒளித்தாரோ அதையே தலைப்பாக்கினார்: 'பறையன்'. 1923இல் சென்னை மாகாண சட்டசபைக்குள் போனார். பொதுச் சாலையும் கிணறும் நம் சனத்துக்கும் உண்டு என்று 1924இல் அங்கே தீர்மானம் கொண்டுவந்தார். 1930இல் லண்டன் வட்டமேசை மாநாட்டுக்கு அம்பேத்கரோடு போனார். ஆக, அவரை ஊமையாக்கியது மொழி தெரியாத கோளாறு இல்லை. பக்கத்து பெஞ்சு.

2020இல் கொரோனா வந்து எல்லாம் செல்போன் வகுப்பானது. என் தங்கச்சி மகளுக்குப் பாதி நாள் நெட் இருக்காது. கேமரா போடவே மாட்டாள். பின்னால் தகரக்கூரை தெரியும். ஆனா கேமராவை அணைத்துவிட்டு அவள் பேசின இங்கிலீஷ் இருக்கே, நான் அசந்துபோனேன். பள்ளிக்கூடம் திறந்ததும் மறுபடி ஊமை. ஏன்டான்னு கேட்டேன்.

'அங்க பேசுனா எல்லாரும் திரும்பிப் பாக்குறாங்க மாமா.'

சீனிவாசன் கதையைச் சொன்னேன்.

'அவரு பத்திரிகை போடுறப்ப என்ன வயசு?'

'முப்பது தாண்டியிருக்கும்.'

'அம்புட்டு நாளா மாமா?' என்றாள்.