கெலேயா இரவல் வாங்கிய பலகை

அறுகம்குடாவுக்கு அலைச்சறுக்கப் போகிறவர்களுக்கான குறிப்புகள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை போகலாம். தென்மேற்குப் பருவக்காற்று அப்போது கிழக்குக் கரையில் நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும்; அலையின் முகம் கலையாமல் நிற்கும். தெற்கே வெகு தொலைவில், பெருங்கடலின் புயல்களில் எழுந்த அலைகள் அந்த மாதங்களில்தான் இங்கே வந்து சேரும். தேர்ந்தவர்களுக்கு மெயின் பாயிண்ட், புதியவர்களுக்கு பேபி பாயிண்ட். கூட்டம் அதிகமென்றால் வடக்கே விஸ்கி பாயிண்ட், தெற்கே பீநட் ஃபார்ம். அலை இல்லாத நாளில் பொத்துவில் களப்பில் கண்டல் மரங்களுக்கிடையே படகுப் பயணம், குமணவில் பறவைகள், குடும்பிகலப் பாறைமேல் ஏறிக் காட்டைப் பார்ப்பது. இன்னும் தெற்கே போனால் உகந்தை முருகன் கோயிலை ஒட்டியே ஓர் அலைமுனை.

காற்று, கடலடி, பருவம், கூட்டம். அலையைத் தேர்ந்தெடுக்க இவை போதும் என்று அந்தக் குறிப்புகள் நினைக்கின்றன. அந்த அலையில் யார் இறங்கலாம் என்ற கேள்வி அவற்றில் வருவதில்லை. அதற்கு முன்பே பதில் முடிவாகிவிட்டது. உகந்தை வழியாகத்தான் ஆண்டுதோறும் கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகிறார்கள். அதில் பெண்கள் ஏராளம். நடுவயதைக் கடந்தவர்கள்கூட நாள்கணக்கில் காட்டு வழியே நடக்கிறார்கள். உடம்பு தாங்காது என்ற வாதம் அவர்களிடம் செல்லாது. ஆனால் கோயிலுக்குப் பக்கத்திலேயே இருக்கும் அந்த அலை அவர்களுக்கும் உரியது என்று நான் படித்த எந்தக் குறிப்பும் சொல்லவில்லை.

யார் இறங்கலாம் என்ற கேள்விக்கு நீண்ட வரலாறு பதிவாகியிருக்கும் இடம் ஹவாய். அங்கிருந்தே தொடங்க வேண்டும்.

ஹவாயின் அரசர் கலாகௌவா 1888இல் தம் நாட்டின் பழங்கதைகளைத் தொகுத்து ஆங்கிலத்தில் வெளியிட்டார். அதில் மௌயி தீவின் கெலேயா கதை இருக்கிறது. கெலேயா அரசனின் தங்கை. அலையில் அவளை மிஞ்ச ஆளில்லை. மணம் பேசினால் தன் பலகையே போதும் என்கிறாள். ஒருநாள் ஓவாஹு தீவிலிருந்து கலாமகுவா என்ற தலைவன் படகில் வருகிறான். தன் உறவினன் லோ-லாலேவுக்குப் பெண் தேடும் பயணம் அது. கெலேயா அலையாடிக்கொண்டிருக்கிறாள். படகில் ஏறி அலைமேல் வருமாறு அழைக்கிறார்கள், ஏறுகிறாள். ஒருமுறை, இருமுறை அலையேறிக் கரைக்கு வருகிறார்கள். அதற்குப் பிறகு படகு திறந்த கடலுக்குத் திரும்பிவிடுகிறது. கடத்தல்தான். கதை அதை அழகாகச் சொல்வதால் நாம் வேறு பெயர் வைக்க வேண்டியதில்லை.

லோ-லாலே நல்லவன், ஆனால் கடலை வெறுப்பவன். அவன் நேசித்த பெண் ஒருத்தி கடலில் மூழ்கி இறந்திருந்தாள். அவன் வீடு லிஹுயே என்னும் உள்நாட்டு மேட்டில். கெலேயா அங்கே ஆண்டுக்கணக்கில் வாழ்கிறாள், மூன்று குழந்தைகள் பெறுகிறாள். பிறகு ஒருநாள் கணவனிடம் சொல்லிவிட்டே கடற்கரைக்கு இறங்கிப் போகிறாள். வைகிக்கி வந்ததும் யாரிடமோ ஒரு பலகையை இரவல் வாங்கிக்கொண்டு கடலுக்குள் போகிறாள். தலைவர்கள் பலர் அலையில் இருக்கிறார்கள். அவள் எல்லோரையும் முந்திக் கரைக்கு வர, கூட்டம் ஆரவாரம் செய்கிறது. என்ன சத்தம் என்று பார்க்க வருகிறவன் கலாமகுவா. அவனோடு அவள் தங்கிவிடுகிறாள். லோ-லாலே படை திரட்டவில்லை, வருந்தி, வாழ்த்திவிடுகிறான்.

இதைக் காதல் கதையாகத்தான் எல்லோரும் திருப்பிச் சொல்கிறார்கள். எனக்கு இதில் பெரிதாகத் தெரிவது அந்த இரவல் பலகை. அத்தனை ஆண்டுகள் மேட்டுநிலத்தில் கழித்த பெண், மூன்று குழந்தைகளின் தாய், முன்பின் தெரியாத கரையில் பலகை கேட்கிறாள், கொடுக்கிறார்கள். நீ பெண்ணாயிற்றே என்று அங்கே யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கதையின் முடிச்சே அதுவாகத்தான் இருந்திருக்கும்.

அந்தச் சமூகத்தைப் பொற்காலம் ஆக்கவும் வேண்டாம். ஹவாயில் கபு என்னும் விலக்குமுறை இருந்தது. பெண்கள் ஆண்களோடு உட்கார்ந்து உண்ணக் கூடாது. பன்றி இறைச்சி, வாழைப்பழம், தேங்காய் பெண்களுக்கு விலக்கு. அலையிலும் விலக்கு உண்டு. சில அலைகள் தலைவர் குலத்துக்கு மட்டும். வைகிக்கியில் கலேஹுவாவெஹே என்ற அலை. கழற்றிய லேஹுவா மாலை என்று பெயருக்குப் பொருள். பிகோய் என்ற வீரன் அங்கே அரசனின் மனைவியோடு அலையாடியபோது தன் மாலையைக் கழற்றி அவளுக்குக் கொடுத்தானாம். அரசியின் அலையில் அவன் இறங்கியதுதான் கதையின் பரபரப்பு. அரசி ஏன் கடலில் இருந்தாள் என்பதற்கு அங்கே விளக்கம் தேவைப்படவில்லை. தண்ணீரில் வேலி போட்டது பிறப்பு. ஆண், பெண் என்ற வேலி சாப்பாட்டுக் கூடத்தில் இருந்தது. நம் ஊரில் இரண்டு வேலிகளும் இரண்டு இடங்களிலும் உண்டு என்பதால், இந்தப் பிரிவினை எனக்கு முதலில் புரியவே இல்லை.

சாப்பாட்டு வேலியை உடைத்ததில் முதன்மையானவள், அலையாட்டத்திலும் பேர் பெற்றிருந்த கஅஹுமனு. முதலாம் கமேஹமேஹாவின் மனைவி. 1819இல் அவர் இறந்ததும் ஆட்சியில் பங்கு கேட்டுப் பெற்றாள். அதே ஆண்டில் புதிய அரசனைப் பெண்களோடு பந்தியில் உட்கார வைத்தாள். கபு அத்துடன் சரிந்தது. அடுத்த ஆண்டே அமெரிக்க மிஷனரிகளின் கப்பல் வந்தது. 1825இல் கஅஹுமனு ஞானஸ்நானம் பெற்றாள். பழைய விலக்கை உடைத்தவளின் ஆட்சியிலேயே புதிய விலக்குகள் நுழைந்தன: உடம்பை மூடும் உடை, ஆணும் பெண்ணும் சேர்ந்து நீராடுவதில் கூச்சம், விளையாட்டு என்றால் சோம்பல். மிஷனரி ஹைரம் பிங்கம் 1847இல் வெளியிட்ட நூலில், அலையாட்டம் குறைந்ததற்கு நாணமும் உழைப்பும் பக்தியும் பெருகியதே காரணம் என்கிறார். வெளியாரின் கப்பல்கள் கொண்டுவந்த நோய்களில் தீவு மக்கள் கூட்டம் கூட்டமாகச் செத்துக்கொண்டிருந்ததையும் சேர்த்தே அந்த வரியைப் படிக்க வேண்டும். அலைக்குப் போக ஆளே குறைந்துபோயிருந்தது.

முற்றாக அழியவில்லை. இளவரசி கைவுலானி 1875இல் பிறந்து 1899இல், 23 வயதில் இறந்தாள். அவள் வாழ்நாளிலேயே முடியாட்சி கவிழ்க்கப்பட்டது, நாடு அமெரிக்காவோடு இணைக்கப்பட்டது. ஏழடிக்குச் சற்று மேற்பட்ட அவளது பலகை ஹொனலுலுவின் பிஷப் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இருபதாம் நூற்றாண்டில் அலைச்சறுக்கு கலிஃபோர்னியாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போய்த் திரும்பியபோது அது ஆண்களின் விளையாட்டு. ஆஸ்திரேலியக் கடற்கரை உயிர்காப்புச் சங்கங்கள் பெண்களை முழு உறுப்பினராக்கியது 1980இல்தான். ஹவாயில் அந்த வேலைக்குப் போன முதல் பெண் ரெல் சன். ஓவாஹுவின் மேற்குக் கரையில் மகாஹாவில் 1950இல் பிறந்தவர். அலையோடு அவர் நிற்கவில்லை: மூச்சடக்கி மூழ்கி ஈட்டியால் மீன் குத்துவார், துடுப்புப் படகு ஓட்டுவார், ஹுலா ஆடுவார். பயணக் குறிப்புகள் ‘அருகில் செய்யக்கூடியவை’ என்று தனியே பட்டியலிடுவதெல்லாம் அவருக்கு ஒரே கடலின் வேலைகள். 1976இல் ஊர்க் குழந்தைகளுக்காக ஒரு போட்டியைத் தொடங்கினார். மார்பகப் புற்றுநோயோடு பதினான்கு ஆண்டுகளுக்கும் மேல் வாழ்ந்து, 1998இல் இறந்தார்.

அடுத்த சண்டை நடந்த இடம் குளிர்ந்த கடல். வடக்குக் கலிஃபோர்னியாவில் ஹாஃப் மூன் பே ஊருக்கு அருகே, கரையிலிருந்து அரை மைலுக்கும் மேல் தள்றி, பாறைத் திட்டின்மேல் எழும் அலைக்கு மேவரிக்ஸ் என்று பெயர். குளிர்காலத்தில் மூன்று மாடிக் கட்டடத்துக்கு மேல் எழும். ஆளைக் கொன்றும் இருக்கிறது. 1999இல் சாரா கெர்ஹார்ட் அதில் ஏறிய முதல் பெண் ஆனார். அதே ஆண்டு அங்கே போட்டியும் தொடங்கியது. 24 பேரை ஒரு குழு தேர்ந்தெடுத்து அழைக்கும். பெண்களுக்கென்று ஒரு சுற்றுகூடக் கிடையாது. பெண்கள் கூடாது என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. அழைப்பு வராது, அவ்வளவுதான். நம் கல்லூரிக் கருத்தரங்க மேடைகளைக் கண்டவர்களுக்கு இந்த முறை பழக்கமானதே.

இந்தப் பூட்டு திறந்தது வீரத்தால் என்று சொல்ல ஆசை. அனுமதிப் பத்திரத்தால் திறந்தது. கலிஃபோர்னியாவில் கடற்கரை பொதுச்சொத்து. 1976ஆம் ஆண்டுச் சட்டப்படி அதைக் காக்கக் கடற்கரை ஆணையம் ஒன்று இருக்கிறது. போட்டி நடத்த அதன் அனுமதி வேண்டும். போட்டி நடக்கும் நாளில் அந்த அலை மற்ற எல்லோருக்கும் மூடப்படுகிறது. அப்படியானால் உள்ளே விடப்படுவது யார் என்று ஆணையம் கேட்கலாம். 2015இல் கேட்டது. அடுத்த விண்ணப்பத்தில் பெண்களுக்கான திட்டம் வேண்டும் என்றது. பியாங்கா வலென்டி, ஆண்ட்ரியா மோலர், பெய்ஜ் ஆம்ஸ், கீலா கெனலி ஆகிய பேரலை வீராங்கனைகள் 2016இல் ஒரு குழுவாகச் சேர்ந்து விசாரணைகளில் போய் நின்றார்கள். அந்த நவம்பரில் பெண்களுக்கான சுற்றையும் சேர்த்தே அனுமதி வழங்கப்பட்டது. பிறகு அவர்கள் சமப் பரிசுத்தொகை கேட்டார்கள். 2018 செப்டம்பரில் உலக அலைச்சறுக்கு லீக், தான் நடத்தும் எல்லாப் போட்டிகளிலும் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே பரிசு என்று அறிவித்தது. அடுத்த ஆண்டு அது மாநிலச் சட்டமாகவே ஆனது: அரசு நிலத்தில் போட்டி நடத்துவதற்கு அனுமதி வேண்டுமா, பரிசு சமமாக இருக்க வேண்டும்.

ஆனால் அந்தப் போட்டி? பெண்கள் சுற்றோடு அனுமதி பெற்ற நிறுவனம் திவாலானது. பொறுப்பேற்ற லீக், ஏற்ற அலை வாய்க்காமல் ஒரு பருவத்தைக் கடத்தி, 2019இல் விலகிக்கொண்டது. அத்தனை விசாரணைகளில் வென்ற சுற்று, அந்த ஆண்டுகளில் கடலில் ஒருமுறைகூட நடக்கவில்லை. சட்டம் மட்டும் நிலைத்தது.

இனி நம் கரை. பரிசுத்தொகையை விட்டுவிடுவோம், இங்கே கணக்கு வேறு. 2004 டிசம்பர் 26 சுனாமியில் யார் இறந்தார்கள் என்பது பற்றி ஆக்ஸ்ஃபாம் அமைப்பு 2005 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கையில், கடலூர் மாவட்டத்தில் இறந்த பெண்கள் 391, ஆண்கள் 146. காரணங்களையும் அது சொல்கிறது. ஆண்களில் பலர் ஆழ்கடலில் இருந்தார்கள். அங்கே அந்த அலை பெரிதாகத் தெரியாது. பெண்கள் மீன் வரவுக்காகக் கரையில் காத்திருந்தார்கள். மட்டக்களப்பில் அது பெண்கள் கடலில் குளிக்கும் நேரம். இலங்கையில் நீந்தவும் மரம் ஏறவும் பெரும்பாலும் பையன்களுக்குத்தான் பழக்கியிருந்தார்கள். கையில் குழந்தை, காலில் சுற்றும் சேலை.

எங்கள் துறையில் நெய்தல் திணை நடத்தும்போது கடலாடும் மகளிர் வருவார்கள்: தோழியரோடு அலையில் ஆடுவார்கள், மணலில் வண்டல் இழைப்பார்கள், உணங்கும் மீனைப் பறவைகளிடமிருந்து காப்பார்கள். ஒருமுறை ஒரு மாணவி கேட்டாள்: “மேடம், கடலாடுறதுன்னா குளிக்கிறதா, நீந்துறதா?” இரண்டும் இருக்கலாம் என்றேன். அவள் கடலோரக் கிராமத்துப் பெண் என்று தெரியும். “உனக்கு நீச்சல் தெரியுமா?” என்றேன். “தம்பிக்குத் தெரியும் மேடம்” என்றாள். அந்த வகுப்பில் அதற்குமேல் என்ன நடத்தினேன் என்று நினைவில்லை.

சென்னைக்குத் தெற்கே கோவளத்தில் மீனவ இளைஞர்கள் அலைச்சறுக்குப் பள்ளி நடத்துகிறார்கள்; 2013இல் திருவிழாவும் தொடங்கினார்கள். கட்டுமரத்தில் அலை தாண்டிப் பழகிய குடும்பங்கள் அவை, பலகை அவர்களுக்குப் பெரிய வித்தையில்லை. அந்தக் கட்டுமரத்தில் அக்கா தங்கைகள் ஏறியதில்லை என்பதால், பலகைக்கும் அவர்கள் வெகு தொலைவிலிருந்தே வர வேண்டியிருக்கிறது.

அறுகம்குடாவில் 2018இல் உள்ளூர்ப் பெண்கள் சேர்ந்து ஓர் அலைச்சறுக்குக் கழகம் அமைத்தார்கள்; பெண்களுக்கென்றே இலங்கையில் உருவான முதல் கழகம். அதில் தாய்மார்களும் இருக்கிறார்கள். வீட்டில் சண்டை போடாமல் வந்தவர்கள் குறைவு. வெயிலில் கறுத்துப்போவாய், யார் கட்டிக்கொள்வார், ஊர் என்ன சொல்லும் என்ற பேச்சுகளை நான் எழுதிக் காட்ட வேண்டியதில்லை. இவர்கள் தங்களுக்கென்று ஒரு குறிப்பு எழுதினால் அதிலும் காற்றும் பருவமும் கடலடியும் இருக்கும். கூடவே ஈரத்துணி மாற்ற ஒரு மறைவிடம், தண்ணீரில் இருக்கும்வரை பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள், மாமியார் எழுவதற்குள் திரும்பிவிடக்கூடிய தூரம், பலகையை இரவல் தரும் ஒரு கடை.