ஏரிப் பராமரிப்பும் குடிமராமத்தும்

பருவமழையின் சில வாரங்களில் பெய்து கடலை நோக்கி ஓடிவிடும் நீரைக் கரையிட்டுத் தடுத்து, ஆண்டின் எஞ்சிய மாதங்களுக்கு ஜீவாதாரமாக்கிக்கொள்ளத் தமிழ்நாட்டில் அமைந்த நீர்நிலைகளுள் முதன்மையானது ஏரி. தென்மாவட்டங்களில் இதனைக் கண்மாய் என்பர். இன்று சுமார் 39,000 ஏரிகள் மாநிலத்தின் கணக்கில் உள்ளன. அவற்றுட் பெரும்பாலானவை தனித்து நிற்பன அல்ல. மேட்டு நிலத்து ஏரி நிரம்பியதும் மிகுநீர் கலிங்கின் வழியாக வெளியேறி வரத்துக்கால் மூலம் அடுத்த ஏரியை அடையும். அதுவும் நிரம்பினால் அதற்கடுத்ததற்குச் செல்லும். ஆகவே மேலூரார் தம் கலிங்கை ஒரு முழம் உயர்த்தினாலும் கீழூரார் வயல் காயும். மேலேரியின் கரை உடைந்தாலோ வெள்ளம் கீழேரிகளையும் வரிசையாக உடைத்துச் செல்லும். ஓர் ஊரின் நன்மை மற்றோர் ஊரின் நிதானத்தைச் சார்ந்திருக்கும் இவ்வமைப்பு, கட்டுமானத்தைக் காட்டிலும் பரிபாலனத்தாலேயே நிலைபெற்றது.

இத்தகைய ஏரிகளின் தொன்மைக்குக் கல்வெட்டுகளும் செப்பேடுகளும் சான்று. மகேந்திரவாடியில் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த கோயிலின் கல்வெட்டு மகேந்திர தடாகத்தைக் குறிப்பிடுகிறது. கூரம் செப்பேடு பரமேசுவர தடாகத்தையும் அதற்குப் பாலாற்றிலிருந்து நீர் கொணர்ந்த கால்வாயையும் கூறுகிறது. சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்து வீரநாராயணப் பேரேரி, வீராணம் என்ற பெயரில் இன்றும் கடலூர் மாவட்டத்து வயல்களுக்குப் பாய்வதோடு, 2004 முதல் சென்னைக்குக் குடிநீரும் அளிக்கிறது.

அம்மன்னன் காலத்திலேயே, 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பெற்ற உத்திரமேரூர்க் கல்வெட்டுகள்தாம் பராமரிப்பின் முறையை நமக்குத் தெளிவாகக் காட்டுவன. ஊர் குடும்புகள் எனப்பட்ட 30 பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, குடவோலை வாயிலாகத் தேர்ந்தோருள் அறுவர் ஏரி வாரியத்தில் அமர்ந்தனர். பதவிக்காலம் 360 நாட்கள். முன்னர் வாரியம் செய்து கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் விலக்கப்பட்டனர். வயிரமேக தடாகம் என்னும் அவ்வூர் ஏரியில் குழி வெட்டித் தூர் வாருவதற்கென அன்பர்கள் பொன்னை முதலாக வைக்க, அதன் வட்டியால் வேலை நடந்தது; பிற ஊர்களில் ஏரி மீன்களின் பாட்டமும் இதே காரியத்துக்குப் பயன்பட்டது. ஏரி தந்த வருவாய் ஏரிக்கே திரும்பியது என்பதுதான் இம்முறையின் உயிர்நிலை. ஆயினும் கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலம் உடையோரே வாரியத்துக்கு உரியவர் என்பதையும், மண் சுமந்த கைகள் பெரும்பாலும் நிலமற்றோருடையவை என்பதையும் மறைத்துவிட்டு இதனைப் பொற்காலமாகப் போற்றுதல் நியாயமாகாது.

கோடையில் கால்வாய் துப்புரவு செய்தல், கரைக்கு மண் இடுதல், வண்டலை வெட்டி வயலுக்கு எருவாக்குதல், அடைமழையில் கரைக்குக் காவல் இருத்தல் ஆகிய பணிகளைக் குடிமக்களே ஏற்கும் வழக்கத்துக்குக் குடிமராமத்து என்று பெயர். மதகைத் திறந்து முறைப்படி நீர் பாய்ச்சிய நீர்க்கட்டிக்கு மானிய நிலமும் விளைச்சலில் ஒரு பங்கும் உண்டு. ஆங்கிலேயர் ஆட்சியில் நிலவரியைப் பெருக்கும் நோக்குடன் இத்தகைய மானியங்கள் பல குறைக்கப்பட்டன. ஏரியின் உரிமை சர்க்காரைச் சேர்ந்தது. கடமை மட்டும் ஊரிடமே விடப்பட்டது. வழக்கம் தளரவே, அவ்வுழைப்பைக் கட்டாயமாக்கி 1858இல் சட்டம் இயற்றினர். பயன் சிறிதே. உரிமையைப் பறித்துக்கொண்டபின் கடமையைத் தண்டனையால் வாங்கிவிடலாம் என்ற எண்ணமே பிழையானது. 1876–78ஆம் ஆண்டுகளின் கொடிய தாது வருஷப் பஞ்சத்துக்குப் பிறகு, 1883இல் ஏரிச் சீரமைப்புத் திட்டம் ஒன்று தொடங்கப்பட்டது. அதுவும் பொறியாளரின் அளவைப் பணியாகவே இருந்தது.

இருபதாம் நூற்றாண்டில் நகரங்கள் ஏரிகளை விழுங்கத் தலைப்பட்டன. சென்னையின் மேற்கே நீண்டு கிடந்த ஏரியை 1920களில் வற்றவைத்துத் தியாகராய நகரை எழுப்பினர். கிராமங்களிலோ மின்சார இறைவை பரவியதும், சொந்தக் கிணறு உடையவர் பொதுக் கரையை மறந்தார். அக்கிணற்றின் ஊற்று ஏரி நிரம்புவதால் ஊறுவது என்பதையும் உடன் மறந்தார். 1960ஆம் ஆண்டையொட்டி மாநிலத்தின் பாசனப் பரப்பில் மூன்றிலொரு பங்குக்கு மேற்பட்டதற்கு நீர் அளித்த ஏரிகளின் பங்கு பிற்காலத்தில் பெரிதும் சுருங்கியது. மதகு உடைந்தும், வரத்துக்கால் ஆக்கிரமிக்கப்பட்டும், உள்வாயில் சீமைக்கருவேலம் மண்டியும் கிடக்கும் ஏரிகள் இன்று பல.

விவசாயிகளே பாசன அமைப்புகளை நிர்வகிக்க வகைசெய்யும் சட்டம் 2000இல் நிறைவேறியது; 2017இல் குடிமராமத்து என்ற பெயரிலேயே அரசுத் திட்டம் ஒன்று தொடங்கி, பல ஏரிகளில் கரைகள் பலப்பட்டன. எனினும் மீன் குத்தகையும் மரங்களின் வருமானமும் பல ஊர்களில் ஏரியின் பராமரிப்புக்கென்று இன்னும் ஒதுக்கப்படவில்லை. நீர்க்கட்டி இல்லாத மதகுகளும் அநேகம்.