சென்னையில் வெளிநாட்டவரின் வங்கிக் கணக்கு

இந்தியக் குடியுரிமை இல்லாதவர்கள் சென்னையில் தங்கும் காலத்தில் தொடங்கும் ரூபாய்க் கணக்கு, நாணயத்தில் உள்ளூர்க் கணக்கைப் போலவே இருந்தாலும் சட்டத்தில் பெரும்பாலும் வேறு இனம். மார்கழிக் கச்சேரிகளுக்காக மயிலாப்பூரில் அறை எடுப்பவர், அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்து சில மாதம் தங்குபவர், ஐஐடியிலோ கலாக்ஷேத்திராவிலோ படிப்பவர், தி.நகரில் வீடு பிடித்து வேலைக்குப் போகிறவர் ஆகிய எல்லோரும் வந்ததும் கேட்பது, எந்த வங்கி நல்லது என்பதைத்தான். அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. எந்த வகைக் கணக்கு கிடைக்கும் என்பதைப் பெரும்பாலும் வங்கி தீர்மானிப்பதில்லை. வந்தவரின் சட்ட நிலை தீர்மானிக்கிறது. அதில் எது தோதானது என்பதையோ, போட்ட பணத்தை ஊருக்குத் திரும்பும்போது எடுத்துச் செல்ல முடியுமா என்ற ஒன்றை வைத்தே எடைபோட வேண்டும். கணக்கைத் திறக்கும் நாளைவிட மூடும் நாளை நினைத்துத் தேர்வு செய்வதே சரி.

அடிப்படைச் சட்டம் 1999-இல் இயற்றப்பட்டு 2000 ஜூன் 1 முதல் நடைமுறையில் உள்ள அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம், சுருக்கமாக ஃபெமா. இது குடியுரிமையைவிட வசிப்பிடத்தையே முதலில் பார்க்கிறது. 182 நாள் என்ற கணக்கு பலருக்குத் தெரியும். வந்த நோக்கமும் சேர்த்துப் பார்க்கப்படும் என்பது தெரிவதில்லை. வேலைக்காக வந்த ஜெர்மானியரோ கொரியரோ இங்கே வசிப்பவராகக் கொள்ளப்பட்டு, அண்டை வீட்டுக்காரரைப் போலச் சாதாரண சேமிப்புக் கணக்கே தொடங்கலாம். சுற்றிப் பார்க்க வந்தவருக்கு, இங்கே வசிக்காதவருக்கான சாதாரண ரூபாய்க் கணக்கான என்ஆர்ஓதான், அதுவும் அதிகபட்சம் 6 மாதம். வெளிநாட்டு மாணவருக்கும் என்ஆர்ஓதான், ஆனால் விதிகள் வேறு. பாகிஸ்தான் குடிமக்களுக்கு ரிசர்வ் வங்கியின் முன் அனுமதி தேவை. வங்கதேசத்தவருக்குத் தனி நிபந்தனைகள் உண்டு.

சென்னைக்கு வருகிற தமிழர்களிடையே இந்தச் சட்டம் போடும் கோடு விசித்திரமானது. கிள்ளானிலிருந்து வரும் மலேசியத் தமிழரும் யாழ்ப்பாணத்திலிருந்து வரும் இலங்கைத் தமிழரும் அடையாற்றில் ஒரே தெருவில் குடியிருக்கலாம், ஒரே மொழி பேசலாம். முதலாமவர் தம் பெற்றோர், பாட்டன், பூட்டன் யாரேனும் ஒருவர் இந்தியக் குடிமகன் என்று ஆவணத்தால் காட்டினால் இந்திய வம்சாவளியினர் ஆகிறார். அப்போது வெளிநாட்டில் இருந்தபடியே, வெளிநாட்டுப் பணத்துக்கான ரூபாய்க் கணக்கான என்ஆர்இ வைத்துக்கொள்ளலாம். அசலும் வட்டியும் தடையின்றி வெளியே போகும், வட்டிக்கு இங்கே வருமான வரியும் இல்லை. இரண்டாமவருக்கு அந்தத் தொடர்பு இல்லையென்றால் அவர் சட்டத்தின் கண்ணில் வெறும் வெளிநாட்டவர். இலங்கை மலையகத் தமிழர் இடைநடுவில் நிற்கிறார்: கங்காணி முறையில் 19-ஆம் நூற்றாண்டிலேயே தோட்டத்துக்குப் போன மூதாதை, இந்தியக் குடியுரிமை என்ற ஒன்று பிறக்கும் முன்பே அங்கே இறந்திருப்பார். வம்சாவளி உண்மை, காகிதம்தான் இல்லை. வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன் எனப்படும் ஓசிஐ அட்டை இருப்பவருக்கு இந்தச் சிக்கல் எழுவதில்லை என்பதால், தகுதி உள்ளவர் வங்கிக்குப் போவதற்கு முன் அந்த அட்டையை வாங்கிவிடுவதே லாபம்.

வெளியே எடுத்துச் செல்லும் வழி எங்கே அடைபடுகிறது என்று பார்த்தால், வங்கி எது என்பதைக் கடைசியில் கேட்கும் வரிசையின் காரணம் புரியும். சுற்றுலாப் பயணியின் என்ஆர்ஓ கணக்கில் வெளிநாட்டிலிருந்து வங்கி வழியாக வந்த பணமோ, அவர் இங்கே விற்ற அந்நியச் செலாவணியோதான் சேர வேண்டும். கணக்கு 6 மாதத்தைத் தாண்டாமல், வட்டி தவிர உள்ளூர்ப் பணம் எதுவும் சேராமல் இருந்தால், புறப்படும்போது மீதியை வங்கியே அந்நியச் செலாவணியாக மாற்றித் தந்துவிடும். இங்கேதான் சென்னையின் வழக்கம் குறுக்கே வருகிறது. பல மாத வாடகையை அட்வான்ஸாக வாங்கும் வீட்டுக்காரர், காலி செய்யும்போது அதைக் கணக்கில் திருப்பிப் போட்டால் அது உள்ளூர் வரவாகவே பார்க்கப்பட வாய்ப்பு அதிகம். நண்பர் ஒருவர் சாப்பாட்டுச் செலவில் தம் பங்கை அனுப்பினாலும் அதே கதைதான். வேலைக்கு வந்தவருக்கு நிலைமை இலகுவானது: நாட்டை விட்டுப் போகும்போது சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ ஆக மாற்றி, பின்னால் வரவேண்டிய பாக்கிகளை அதில் பெற்று அனுப்பிக்கொள்ளலாம். இந்திய வம்சாவளியினர் என்ஆர்ஓவிலிருந்து ஒரு நிதியாண்டில் 10 லட்சம் டாலர் வரை வெளியே அனுப்பலாம். ஆனால் என்ஆர்ஓ வட்டியில் 30 சதவீத வரியும் அதன்மேல் கூடுதல் வரியும் முதலிலேயே பிடிக்கப்படும். சொந்த நாட்டுடன் இரட்டை வரி ஒப்பந்தம் இருந்தால் குறையும். அதற்கு உரிய சான்றுகளை வங்கியிடம் கொடுத்திருக்க வேண்டும்.

மூடும் நாளை நினைத்துத் தேர்வு செய்வதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. பணத்தை வெளியே கொண்டுபோவது என்றோ ஒரு நாள் வேலை. லஸ் முனையில் ஆட்டோவுக்கும் ரங்கநாதன் தெருவில் துணிக்கும் பணம் கொடுப்பது அன்றாட வேலை, வெளிநாட்டு கார்டை அங்கே நீட்ட முடியாது, ஆகவே யுபிஐக்காகவாவது உடனே ஏதோ ஒரு கணக்கு வேண்டும் என்பார்கள். 2023-க்கு முன் இதற்குப் பதில் சொல்வது கடினமாகவே இருந்தது. அந்த ஆண்டு ஜி20 நாட்டுப் பயணிகளுக்கென, பாஸ்போர்ட்டையும் விசாவையும் காட்டிப் பெறும் யுபிஐ வழி இயங்கும் ப்ரீபெய்டு மின்பணப்பை வந்தது. பிறகு மற்ற நாட்டவருக்கும் விரிந்தது. அதில் பணம் ஏற்றிக் கடைகளின் க்யூஆர் அட்டையை ஸ்கேன் செய்யலாம். கச்சேரி சீசனுக்குச் சில வாரம் வருகிறவருக்கு இதுவும் கொஞ்சம் ரொக்கமும் போதும். அவருக்கு வங்கிக் கணக்கே தேவையில்லை என்பதுதான் நேர்மையான ஆலோசனை.

இன்னொரு மறுப்பு பெயர் பற்றியது: சொந்த நாட்டில் பழகிய வங்கியின் கிளை இங்கே இருந்தால் அதுதானே பாதுகாப்பு? சென்னையின் வரலாறு இதை ஆதரிக்கவில்லை. வெள்ளைக்காரர் பெயரை நம்பி மதராஸ்வாசிகள் பணம் போட்டிருந்த அர்பத்நாட் நிறுவனம் 1906 அக்டோபரில் கவிழ்ந்தது. அந்த அதிர்ச்சியில்தான் மயிலாப்பூர் வழக்கறிஞர் வி. கிருஷ்ணசுவாமி ஐயர் முன்னின்று 1907-இல் இந்தியன் வங்கியைத் தொடங்கினார். அண்மை உதாரணம் சிட்டி வங்கி: அதன் இந்தியச் சில்லறை வாடிக்கையாளர்கள் 2023 மார்ச் 1 முதல் ஆக்ஸிஸ் வங்கிக்குப் போய்விட்டார்கள். சிங்கப்பூரர் தம் நாட்டு டிபிஎஸ் வங்கியின் பெயரைப் பார்த்து நெருக்கம் கொள்ளலாம். ஆனால் 2020-இல் கரூரின் லட்சுமி விலாஸ் வங்கியைத் தன்னோடு இணைத்துக்கொண்ட டிபிஎஸ் இந்தியா தனி நிறுவனம், சிங்கப்பூரில் உள்ள கணக்கு இங்கே தானாகத் தொடராது. வைப்புக் காப்பீடும் எந்த வங்கியானாலும் ஒன்றுதான், 2020 பிப்ரவரி முதல் ஒருவருக்கு ஒரு வங்கியில் 5 லட்சம் ரூபாய். மயிலாப்பூரின் பழைய ‘நிதி’ நிறுவனங்களில் வட்டி கவர்ச்சியாகத் தெரிந்தாலும் அவை வங்கிகள் அல்ல. அந்தக் காப்பீடு அவற்றுக்கு இல்லை.

ஆக, வங்கியின் பெயரைவிடக் கிளை முக்கியம். எல்லாக் கிளைகளும் அந்நியச் செலாவணி வேலையை நேரடியாகச் செய்வதில்லை. வெளிநாட்டவர் கணக்கை அடிக்கடி கையாளாத கிளையில் விதி தெரியாமலேயே இல்லை என்பார்கள். முகவரிச் சான்று அங்கேதான் முட்டுக்கட்டையாகிறது. வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டில் முகவரி இல்லையென்றால், அவர் நாட்டு அரசுத் துறை வழங்கிய ஆவணத்தையும் இங்குள்ள தூதரகத்தின் கடிதத்தையும் ஏற்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் வாடிக்கையாளர் அடையாளச் சரிபார்ப்பு (கேஒய்சி) விதி சொல்கிறது. மாணவருக்கு இன்னும் தாராளம்: விசாவுடன் கூடிய பாஸ்போர்ட், புகைப்படம், கல்வி நிறுவனத்தின் சேர்க்கைக் கடிதம் ஆகியவற்றைக் கொண்டே கணக்கு தொடங்கி, உள்ளூர் முகவரியை 30 நாளில் கொடுத்தால் போதும், அதுவரை வெளிநாட்டு வரவுக்கு 1,000 டாலர் வரம்பு. ஐஐடி வளாகத்துக்குள்ளேயே இருக்கும் பாரத ஸ்டேட் வங்கிக் கிளை போன்ற இடங்களை மாணவர் நாடுவது இதனால்தான். 180 நாளுக்கு மேற்பட்ட விசாவில் வருவோர் 14 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும். சென்னையில் அது நுங்கம்பாக்கம் சாஸ்திரி பவனில் உள்ளது, விண்ணப்பம் இணையவழி. அந்தப் பதிவில் உள்ளூர் முகவரி இருப்பதால் அதுவே பின்னர் வங்கிக்கும் கைகொடுக்கும். கிளை மறுத்தால் வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுத்து, 30 நாளில் தீராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். ஆனால் ஆறு மாதம் தங்க வந்தவருக்கு அந்தக் காத்திருப்பு கட்டுப்படியாகாது. அடுத்த கிளைக்கு நடப்பதே வேகம்.

மூடாமல் விட்டுப்போகும் கணக்குகளும் உண்டு. கணக்குக்காரரின் பரிவர்த்தனை இரண்டு ஆண்டுக்கு மேல் இல்லாவிட்டால் கணக்கு செயலற்றதாகும். 10 ஆண்டு கழிந்தால் பணம் ரிசர்வ் வங்கியின் வைப்பாளர் கல்வி, விழிப்புணர்வு நிதிக்குப் போகும். அதன் பிறகும் உரிமை கோரலாம், அதே வங்கி வழியாக, அடையாள ஆவணங்களை மறுபடி காட்டி. பழைய விசா ஒட்டிய பாஸ்போர்ட்டை அதற்குள் தூக்கிப் போட்டுவிட்டவருக்கு அது லேசான வேலையல்ல.