ஆலோசனை அறையிலிருந்து துறைத்தலைவர் அறைவரை: கல்லூரி மாணவர் நெருக்கடிக் காப்பில் இரண்டு விடுபடல்கள்

விசாகப்பட்டினத்தில் நீட் தேர்வுக்குப் பயின்றுவந்த 17 வயது மாணவி ஒருவரின் மரணம் தொடர்பான வழக்கில், உச்ச நீதிமன்றத்தின் நீதிபதிகள் விக்ரம் நாத், சந்தீப் மேத்தா அமர்வு 2025 ஜூலை 25 அன்று தீர்ப்பு வழங்கியது. நாடெங்கும் உள்ள கல்வி நிறுவனங்களுக்கான வழிகாட்டு நெறிகளும் அத்தீர்ப்பில் உள்ளன. நூறு மாணவர்களோ அதற்கு மேலோ பயிலும் நிறுவனம், தகுதி பெற்ற ஆலோசகர், உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவரையாவது அமர்த்த வேண்டும். அதைவிடச் சிறிய நிறுவனங்கள் வெளியிலுள்ள மனநல வல்லுநர்களோடு முறையான தொடர்பு வைத்திருக்க வேண்டும். ஊழியர்களுக்கு ஆண்டுக்கு இருமுறையாவது பயிற்சி தர வேண்டும்.

கல்லூரி நிர்வாகங்கள் இந்த நெறிகளை எப்படிப் படிக்கும் என்று ஊகிப்பது கடினமல்ல. ஒரு பணியிடம், ஓர் அறை, கதவில் ஒரு பெயர்ப்பலகை. இவை தேவையில்லை என்பதல்ல என் வாதம். அந்த அறையில் பேசப்படுவது அதன் பிறகு எங்கே போகிறது, நெருக்கடியைக் கடந்து திரும்பிய மாணவரை அடுத்த வாரமும் அடுத்த மாதமும் யார் தேடிப் போகிறார்கள் என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை இல்லாத இடத்தில், ஆலோசகர்களின் எண்ணிக்கையைக் கூட்டுவதால் ஆகப்போவது மிகக் குறைவு.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022இல் நாட்டில் தற்கொலையால் இறந்தோர் 1,70,924 பேர். அவர்களில் மாணவர்கள் 13,044 பேர், அதாவது 7.6 விழுக்காடு. தமிழ்நாட்டின் பங்கு 1,416. மகாராட்டிரத்துக்கு அடுத்த இடம் நம்முடையது. 'மாணவர்' என்ற தலைப்பில் பள்ளிப் பிள்ளைகளும் கல்லூரிப் பிள்ளைகளும் சேர்ந்தே வருகிறார்கள் என்பதால், கல்லூரிகளைப் பற்றி மட்டும் பேசும்போது இந்த எண்களை அளவோடுதான் பயன்படுத்த வேண்டும்.

நம் பொறியியல், கலைக் கல்லூரிகளில் ஒரு மாணவர் ஆலோசகரிடம் எப்படிப் போய்ச் சேருகிறார் என்று பார்ப்போம். தானாகப் போகிறவர்கள் சிலரே. பெரும்பாலும் வருகைப் பதிவு குறைகிறது, இன்டர்னல் மதிப்பெண் சரிகிறது, விடுதி வார்டன் எதையோ கவனித்துச் சொல்கிறார். டியூட்டர் கூப்பிட்டு, 'போய் கவுன்சிலரைப் பார்த்துட்டு வா' என்கிறார். போய்வந்ததற்கு அத்தாட்சியாக ஒரு கையெழுத்தும் வேண்டும். அந்தத் தாள் துறைத்தலைவரிடம் போகிறது, தேவைப்பட்டால் முதல்வரிடமும். பெற்றோருக்குத் தொலைபேசி போவதும் அதே வழியில்தான். ஆக, ஆலோசனை என்பது ஒழுங்கு நடவடிக்கைக்கு முந்தைய படியாகிவிடுகிறது. 'அங்க போனா வீட்டுக்கு போன் போயிடும்' என்ற பேச்சு விடுதியில் ஒருமுறை பரவிவிட்டால், எத்தனை விழிப்புணர்வுச் சுவரொட்டி ஒட்டினாலும் அதை அழிக்க முடியாது. (கல்லூரியைத் தரமதிப்பிடும் நாக் குழு வருவதற்கு முந்தைய வாரம் ஒரே பேனாவால் நிரப்பப்படும் மென்டர் பதிவேடுகளைப் பார்த்தவர்களுக்கு, ஆவணம் வேறு, அக்கறை வேறு என்பதைத் தனியே விளக்க வேண்டியதில்லை.)

சட்டம் இதில் மாணவர் பக்கமே நிற்கிறது, ஆனால் பாதி தூரம்தான். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும் என்றது. பாரதிய நியாய சன்ஹிதா, தற்கொலை முயற்சியைப் பொதுவான குற்றமாக வைத்திருந்த பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவை விட்டுவிட்டது. அரசு ஊழியரின் கடமையைத் தடுக்கும் நோக்கிலான முயற்சியை மட்டும் குற்றமாக வைத்துக்கொண்டது. மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, நோயாளர் பற்றிய தகவலை மறைகாக்கும் கடமையைச் சுகாதாரத் தொழிலர்கள்மீது சுமத்துகிறது. உயிருக்கு ஆபத்து எனில், அதைத் தடுக்கத் தேவையான அளவுக்கு மட்டும் சொல்லலாம் என்று விலக்கும் தருகிறது. சிக்கல் எங்கே என்றால், அச்சட்டம் 'மனநலத் தொழிலர்' என்று வரையறுப்போர் பட்டியலில் மனநல மருத்துவர், பதிவுபெற்ற மருத்துவ உளவியலாளர், மனநலச் செவிலியர், மனநலச் சமூகப் பணியாளர் ஆகியோர் இருக்கிறார்கள். சித்த மருத்துவத்தில் சிறப்பு மருத்துவம் பயின்ற முதுகலைப் பட்டதாரிகூட இருக்கிறார். எம்.ஏ. உளவியலோ எம்.எஸ்.டபிள்யூவோ முடித்துக் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்த ஆலோசகர் அந்தப் பட்டியலில் தானாக இடம்பெறுவதில்லை. அவருக்குச் சம்பளம் தருவது கல்லூரி. அவர் அறிக்கை தருவதும் கல்லூரிக்கே. ஒரு மாணவர் சொன்னதைச் சொல்ல மறுக்கும் உரிமை அவருக்கு உண்டு என்று எழுதிய பணி ஆணை எத்தனை கல்லூரிகளில் இருக்கும்?

நிறுவனத்தின் நலனும் மாணவரின் நலனும் எப்போதும் ஒன்றல்ல என்பதற்கு நீதிமன்றப் பதிவே சான்று. தில்லி ஐஐடியில் இறந்த பட்டியல் வகுப்பு மாணவர் இருவரின் பெற்றோர் முதல் தகவல் அறிக்கை பதிவாக வேண்டும் என்பதற்காகவே உச்ச நீதிமன்றம்வரை போக நேர்ந்தது. 2025 மார்ச் 24 தீர்ப்பில் நீதிபதிகள் பர்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு வழக்குப் பதியச் சொன்னதோடு, முன்னாள் நீதிபதி ரவீந்திர பட் தலைமையில் தேசியப் பணிக்குழு ஒன்றையும் அமைத்தது. சாதிப் பாகுபாடு குறித்து நிர்வாகத்தின்மீதே புகார் சொல்ல வேண்டிய நிலையில் இருக்கும் மாணவர், அதே நிர்வாகத்துக்கு அறிக்கை தரும் ஆலோசகரிடம் மனம்விட்டுப் பேசுவார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. பதினெட்டு வயது நிரம்பினாலும் நம் ஊரில் பிள்ளை பிள்ளைதான். கட்டணம் கட்டுவது அப்பா. ஆபத்து நேர்ந்தால் ஓடிவருவதும் அவரே. அவரிடம் மறைப்பது எந்த அறம்? இந்தக் கேள்வியைப் 'பழைமைவாதம்' என்று முத்திரை குத்தி வாயடைக்கவும் கூடாது, கேட்டவுடன் தலையாட்டவும் கூடாது. குடும்பம் பல மாணவர்களுக்குப் பெரிய காப்பு; சிலருக்கு நெருக்கடியே வீட்டிலிருந்துதான் வருகிறது. காதல், மதிப்பெண், கடன், பாலினம் இவற்றில் எது காரணம் என்று டியூட்டருக்குத் தெரியாது. தெரியாதவர் கையில் தொலைபேசி இருப்பதுதான் ஆபத்து. மாணவரின் ஒப்புதலோடு, எந்த உறவினரிடம் சொல்ல வேண்டும் என்பதை மாணவரே தேர்ந்து, ஆலோசகர் முன்னிலையில் பேசுவது நடைமுறையாக வேண்டும். அப்பாவிடம் சொல்ல முடியாததைச் சித்தியிடம் சொல்லலாம் என்றிருக்கும். உடனடி உயிராபத்துக்கு மட்டுமே விலக்கு. உயிராபத்துக்குச் சட்டமும் விலக்கு தருகிறது.

இரண்டாவது விடுபடல் பற்றி நமக்கு அருகிலேயே சான்று இருக்கிறது. அது கல்லூரிகளில் பேசப்படாதது வியப்பே. உலகச் சுகாதார நிறுவனம் சென்னை, கொழும்பு, பிரேசிலின் கம்பினாஸ், ஈரானின் கரஜ், சீனாவின் யுன்செங் ஆகிய ஐந்து ஊர்களில் நடத்திய ஆய்வு 2008இல் வெளியானது. தற்கொலைக்கு முயன்று மருத்துவமனை அவசரப் பிரிவுகளுக்கு வந்த 1,867 பேர் அதில் பங்கேற்றார்கள். ஒரு சாராருக்கு வழக்கமான சிகிச்சை. மறு சாராருக்கு, வீடு திரும்பும் முன் ஒரு மணிநேரம் உட்கார்ந்து பேசினார்கள். பிறகு பதினெட்டு மாதங்களில் ஒன்பது முறை தொலைபேசியிலோ நேரிலோ தொடர்புகொண்டார்கள். முதல் தொடர்பு ஒரு வாரத்தில், அடுத்தது இரண்டாம் வாரத்தில், பிறகு மெல்ல இடைவெளி கூடும். பதினெட்டு மாத முடிவில் வழக்கமான சிகிச்சை பெற்றோரில் தற்கொலையால் இறந்தோர் 2.2 விழுக்காடு; தொடர்பில் இருந்தோரில் 0.2 விழுக்காடு. விலையுயர்ந்த மருந்தோ நீண்ட உளச்சிகிச்சையோ இல்லாமல் கிடைத்த வேறுபாடு இது.

மாணவர்கள் மட்டுமே கலந்துகொண்ட ஆய்வல்ல அது. அதன் எண்களை அப்படியே வளாகத்துக்குப் பொருத்த முடியாது. ஆனால் அதன் அமைப்பைப் பாருங்கள்: உதவி தேடி வர வேண்டிய சுமை பாதிக்கப்பட்டவர்மேல் இல்லை, தேடிப் போகும் கடமை அமைப்பின்மேல் இருக்கிறது. நம் வளாகங்களில் இது தலைகீழ். மருத்துவமனையிலிருந்து திரும்பிய மாணவருக்கு 'எப்ப வேணும்னாலும் வரலாம்' என்கிறார்கள். அவர் வருவதில்லை. இரண்டு வாரம் கழித்து, 'இப்ப நல்லாத்தான் இருக்கான்' என்று வார்டன் சொல்கிறார்.

உதவி எண்கள் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஒன்றிய அரசின் டெலி மானஸ் 14416, 2022 அக்டோபர் முதல் இயங்குகிறது. தமிழ்நாட்டில் அது 'நட்புடன் உங்களோடு' என்ற பெயரில் வந்தது. அதே ஆண்டு டிசம்பரில் மாநில அரசு 'மனம்' என்ற மனநல நல்லாதரவு மன்றங்களைத் தொடங்கியது. 1986இல் சென்னையில் மருத்துவர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய ஸ்நேகா இவற்றுக்கெல்லாம் மூத்தது. பேசுகிறவரின் பெயரைக்கூடச் சொல்லச் சொல்லாத, கேட்டதை வெளியே விடாத தன்னார்வலர்களின் அமைப்பு அது. கல்லூரி அறைக்கு வராத பிள்ளைகள் இத்தகைய இடங்களில் பேசுவதற்குக் காரணம் தேட வெகுதூரம் போக வேண்டாம்.

நிர்வாக விதி ஒன்றை மாற்றுவதே உயிர்காக்கும் வேலையாக அமையலாம் என்பதற்கும் தமிழ்நாட்டிலேயே முன்னுதாரணம் உண்டு. பன்னிரண்டாம் வகுப்பில் தோற்றவர் ஓராண்டை இழக்காமல் சில வாரங்களில் எழுதும் துணைத்தேர்வு, ஸ்நேகா போன்றோர் வலியுறுத்தியதன் பயன். அங்கே யாருக்கும் ஆலோசனை தரவில்லை; தோல்விக்கும் அடுத்த வாய்ப்புக்கும் இடையிலிருந்த தூரத்தைக் குறைத்தார்கள்.

கல்லூரியில் அதற்கு நிகரான இடம் வருகைப்பதிவு விதி. 75 விழுக்காடு இல்லையென்றால் ஹால் டிக்கெட் இல்லை. மருத்துவக் காரணம் காட்டினால் 65 வரை கண்டொனேஷன் பெறலாம் என்பது பரவலான நடைமுறை. நெருக்கடிக்குப் பின் மூன்று வாரம் வீட்டிலிருந்து திரும்பும் மாணவர், அந்தச் சலுகைக்காக மனநலப் பிரிவின் முத்திரையுள்ள சான்றிதழை டியூட்டர், துறைத்தலைவர், முதல்வர், தேர்வுப் பிரிவு என்று ஒவ்வொரு மேசையிலும் நீட்ட வேண்டியிருக்கிறது. பலர் நீட்டுவதில்லை, அரியர் வைத்துக்கொள்கிறார்கள், அல்லது படிப்பை விடுகிறார்கள். நோயின் பெயரோ பிரிவின் பெயரோ இல்லாமல், 'இம்மாணவர் இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை மருத்துவக் காரணத்தால் வர இயலவில்லை' என்று ஆலோசகர் நேரடியாகத் தேர்வுப் பிரிவுக்கு மட்டும் அனுப்பும் ஒருவரிச் சான்றைப் பல்கலைக்கழகங்கள் ஏற்கலாம். அந்தச் சான்றை வாங்க ஒரு வாரத்துக்குள் ஆலோசகரைப் பார்க்க நேர்வதால், ஒன்பது தொடர்புகளில் முதலாவது அங்கேயே நடந்துவிடும். இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. ஆட்சிக்குழுக் கூட்டம் ஒன்றில் நிறைவேற்றக்கூடிய தீர்மானம் அது.